பழைய சரக்கு முன்னால்

என் மாமனார் ஆவுடையப்பனைப் பற்றி எங்கள் தீவில், ஹேடோ பக்கம் யாரைக் கேட்டாலும் நல்லவிதமாகத்தான் சொல்வார்கள். நான் கொஞ்சம் வேறு மாதிரி சொல்வேன். கோபத்தோடுதான் எழுதுகிறேன், அதை மறைக்கப் போவதில்லை.

முப்பத்திரண்டு வருடம் துறைமுக ஸ்டோரில் வேலை பார்த்தவர் அவர். அவருடைய அப்பா தென்காசிப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தார். மாமா பிறந்தது இங்கேதான். கயிறு, பெயிண்ட், போல்ட், கிரீஸ் டப்பா என்று மெயின்லேண்டிலிருந்து வந்து இறங்குவதையெல்லாம் அடுக்கி வைத்து, கேட்டவர்களுக்கு எடுத்துக் கொடுப்பது அவர் வேலை. அந்த வேலைக்கு ஒரு சட்டம் உண்டு. பழைய சரக்கு ரேக்கில் முன்னால் இருக்கவேண்டும், புதியது பின்னால். பழையது தீர்ந்த பிறகுதான் புதியதைத் தொடலாம். ஓய்வு பெற்ற பிறகும் மாமா அந்தச் சட்டத்தை விடவில்லை. எங்கள் வீட்டுப் பருப்புக்கும் சோப்புக்கும்கூட அதே சட்டம்தான். புது பிஸ்கட் பாக்கெட் வந்து உட்கார்ந்திருக்கும், ஆறு வயது அஸ்வின் நமுத்துப்போன பழையதை மென்றுகொண்டிருப்பான். என் மகன் முகத்தைப் பார்த்து எத்தனையோ நாள் பல்லைக் கடித்திருக்கிறேன்.

எங்கள் வெள்ளைக் காருக்குப் பதினெட்டு வயதாகிறது. மாமா அதை ஒர்க்‌ஷாப்பில் விட்டதே இல்லை. எப்போதோ ஒரு ஒர்க்‌ஷாப்பில் புது பிளக்கைக் கழற்றிக்கொண்டு பழையதை மாட்டி அனுப்பினார்களாம். அன்றிலிருந்து ஸ்பேனரைத் தன் கையில் எடுத்தவர், இன்றுவரை கீழே வைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் வண்டியை ஜாக்கியில் தூக்கி அடியில் படுத்துவிடுவார். கடல் காற்று இரும்பைத் தின்னும் ஊர் இது. இரண்டு நாளைக்கு ஒருமுறை வரும் குழாய்த் தண்ணீரில் நாங்கள் குளிக்கிறோமோ இல்லையோ, வண்டியின் அடிப்பக்கத்துக்கு ஒரு டிரம் தனியாக உண்டு. கதவுக்கு அடியிலுள்ள ஓட்டைகளில் குச்சி விட்டு மண் எடுப்பார். பேட்டரி முனைகளுக்கு வாஸ்லின் தடவுவார். கிலோமீட்டர் ஆனாலும் ஆகாவிட்டாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்ஜின் ஆயிலை மாற்றிவிடுவார். ஹேண்ட் பிரேக் கேபிளுக்குக்கூட மழைக்கு முன் ஒரு தடவை, மழைக்குப் பின் ஒரு தடவை கிரீஸ் போடுவார். இதையெல்லாம் குறை சொன்னால் என் வாய் அழுகிவிடும். வண்டி ஓடியது அவர் கையால்தான்.

டிசம்பரில் பிரேக் ஆயில் மாற்றும் நாள் வரும். அதற்கு இரண்டு பேர் வேண்டும். அறுபது தாண்டிய, முழங்கால் வலியுள்ள என் மாமியார் பேச்சியம்மாளை டிரைவர் சீட்டில் ஏற்றிவிட்டு மாமா சக்கரத்துப் பக்கத்தில் குத்த வைத்துக்கொள்வார்.

"மிதி. பிடி. விடாத... விடாதங்கேன்லா! ஆங், இப்ப விடு."

நான்கு சக்கரத்துக்கும் இப்படியே. நான் மிதிக்கிறேன் என்று எத்தனையோ முறை சொன்னேன். "ஒனக்குப் பழக்கம் இல்ல பிள்ள" என்பார். நான் லைசென்ஸ் வைத்திருப்பவள். தினமும் அஸ்வினைப் பள்ளியில் இறக்கிவிட்டு, சிப்பிகாட் பண்ணை அலுவலகத்துக்கு அந்த வண்டியை ஓட்டிக்கொண்டு போகிறவள். லைசென்ஸ் எடுத்த பிறகும் சாவியை என் கையில் கொடுக்க அவருக்கு இரண்டு வருடம் பிடித்தது.

ஜனவரியில் ஒரு ஞாயிறு. அத்தைக்கு அக்கரை மலைமேல் ஏறிப் பார்க்க ஆசை. என் கணவர் ஸ்ரீதர் தீவுக் கப்பலில் வேலை பார்க்கிறார், அப்போது கேம்பல் பே பக்கம் போயிருந்தார். மாமா ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார். நான் அத்தையையும் அஸ்வினையும் ஏற்றிக்கொண்டு, சாத்தாம் துறையில் வண்டி ஏற்றும் படகைப் பிடித்து அக்கரையில் பாம்பூபிளாட் போய், அங்கிருந்து மலைக்கு ஓட்டினேன். ஏறியதெல்லாம் நன்றாகத்தான் ஏறினோம்.

இறங்கும்போது மூன்றாவது கியரில் வந்தேன். இரண்டாவதில் வந்திருக்க வேண்டும். அதற்குப் பதிலாகப் பிரேக்கில் காலை வைத்து வைத்தே வந்தேன். அது என் தப்பு. வீட்டில் யாரிடமும் அதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அது ஒன்றையே பிடித்துக்கொண்டு என்னைத் தொங்கவிட்டிருப்பார்கள்.

பாதி மலை இறங்கியதும் பெடல் இளகியது. அடுத்த வளைவில் தரை வரைக்கும் போய்விட்டது. காலுக்குக் கீழே ஒன்றுமே இல்லை. திரும்பத் திரும்ப மிதித்தேன், ஒன்றும் நடக்கவில்லை. இடது பக்கம் பள்ளம், கீழே மரத்து உச்சிகள். கியரை இரண்டாவதுக்குத் தள்ளினேன், என்ஜின் அலறியது. ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொண்டே முதல் கியருக்கு வந்து, வலது பக்கம் மலையோரத்து ஓடையில் சக்கரத்தை இறக்கி மண்சுவரில் உரசி நிறுத்தினேன். அஸ்வின் முன் சீட்டில் மோதி நெற்றி வீங்கியது. அத்தை கண்ணை இறுக மூடிக்கொண்டு முருகா முருகா என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒரு பிக்கப் வண்டியில் வந்தவர்கள் கயிறு கட்டி வெளியே இழுத்துவிட முக்கால் மணி நேரமாயிற்று. அதற்குள் பெடல் பழையபடி விறைப்பாக நின்றது. அது எப்படி என்று எனக்கே விளங்கவில்லை. மிச்ச மலையை முதல் கியரிலேயே இறங்கி வீட்டுக்கு வந்து சேர்ந்தோம்.

மாமா உட்கார்ந்து மிதித்துப் பார்த்தார். சக்கரங்களைக் கழற்றிப் பார்த்தார். ஆயில் ஒழுகலும் இல்லை, பிரேக் குழாயில் காற்றும் புகவில்லை.

"பிரேக்கு கல்லு மாதிரில்லா இருக்கு. பயத்துல கிளட்ச மிதிச்சிருப்ப."

"இல்ல மாமா. பிரேக்கத்தான் மிதிச்சேன். தரைக்குப் போயிட்டு."

"போன பிரேக்கு எப்படித் திரும்பி வரும்? அதென்ன லீவுலயா போச்சு? நான் கை வச்ச வண்டி இது."

அத்தையைப் பார்த்தேன். "எனக்கு ஒண்ணுந் தெரியாது, நான் கண்ண மூடிட்டம்லா" என்று அடுப்படிக்குள் போய்விட்டார். சாவி மாமாவின் சட்டைப் பைக்குள் போயிற்று. கப்பலிலிருந்து ஸ்ரீதர் போன் பண்ணினார். மனைவியும் மகனும் உயிரோடு இருக்கிறார்களே என்று ஒரு வார்த்தை சொன்னாரா? "அப்பா பாத்த வண்டில தப்பு இருக்காது மீனா. கொஞ்ச நாள் பஸ்ல போயேன், டென்ஷன் மத் லோ, டென்ஷன் ஆகாத" என்றார். போனைச் சுவரில் அடிக்கலாமா என்று வந்தது.

பஸ்ஸில் போவது எனக்குப் பெரிய கஷ்டமில்லை. என் வயிறு எரிந்தது வேறு காரணத்துக்கு. அதே வண்டியில்தான் தினமும் காலையில் மாமா அஸ்வினை ஏற்றிக்கொண்டு அந்தச் செங்குத்தான பள்ளிக்கூடச் சரிவில் இறங்கினார். பெற்ற பிள்ளையைக் கொல்லப் பார்த்தவள் என்று தெருவில் என் பேர், பிள்ளையோ அந்த வண்டிக்குள். ஆட்டோவில் அனுப்பலாம் என்றேன். "எம் பேரன நான் கொண்டுபோவேன்" என்று கதவைச் சாத்திக்கொண்டு கிளம்பினார். பத்துப் பள்ளி நாள் அவன் டாட்டா காட்டுவதைப் பார்த்துக்கொண்டு வாசலில் நின்றேன்.

பண்ணையில் டிராக்டர்களைப் பழுது பார்ப்பவர் நாகராஜ். அவர் குடும்பம் சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து கச்சால் தீவில் குடியேறியது. இரண்டாவது வாரம் வெள்ளிக்கிழமை, டீ குடிக்கும் நேரத்தில் அவரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன், மூன்றாவது கியர் உட்பட. அவர் சிரிக்கவில்லை. என்னை அக்கா என்பதற்குப் பதில் இந்தியில் தீதி என்றுதான் கூப்பிடுவார்.

"தீதி, ஊத்துன ஆயில் புதுப் போத்தலா, தொறந்த போத்தலா?"

"தொறந்ததுதான். புதுசும் ஒண்ணு இருக்கு. மாமா பழசு முடியாம அதத் தொட மாட்டாங்க."

"அப்ப அதுதான். இந்த ஆயிலு காத்துல இருக்கிற தண்ணிய இழுத்துக்கும் தீதி. மூடி வச்சாலும், ஒருக்கா தொறந்தா தொறந்ததுதான். நம்ம ஊருல வருசத்துல எட்டு மாசம் மழை. மலை இறங்கையில பிரேக்கு சூடானா அந்தத் தண்ணி ஆவியாயிரும். ஆவிய மிதிச்சா பெடல் கீழதான் போகும். ஆறுனா பழையபடி ஆயிரும். கியர்ல இறங்கியிருந்தா அவ்வளவு சூடாகியிருக்காது, அது நிசம். ஆனா நல்ல ஆயிலு அந்தச் சூட்டைத் தாங்கும்."

பேனா மாதிரி ஒரு கருவியை எடுத்துக் கொடுத்தார். நுனியை ஆயிலில் விட்டால் தண்ணீரின் அளவைப் பார்த்து விளக்கு எரியுமாம். பச்சை என்றால் நல்லது, சிவப்பு என்றால் தொடவே கூடாது.

மறுநாள் சனிக்கிழமை. மாமா மத்தியானம் சாப்பிட்டு எழுந்ததும் நான் நேராக வீட்டுப் பக்கத்து வண்டி ஷெட்டுக்குப் போய் ரேக்கிலிருந்து இரண்டு பாட்டிலையும் எடுத்தேன். முன்னால் இருந்தது அடியில் நாலு விரல் ஆயிலோடு, மூடியைச் சுற்றி டேப் ஒட்டியது. மேலே அவர் கையாலேயே மார்க்கரில் எழுதியிருந்தது: திறந்தது 12.3.2021. மூன்று வருடம் ஆகப்போகிறது. பின்னால் இருந்தது ஸ்ரீதர் போன வருடம் சென்னையிலிருந்து கொண்டுவந்த சீல் உடையாத பாட்டில்.

"அத ஏன் எடுக்க? வை அங்க" என்று மாமா பின்னாலேயே வந்தார்.

நான் புதுப் பாட்டிலின் சீலை உடைத்தேன்.

"ஏ பிள்ள! பழசு இருக்கையில புதுச ஒடைக்கியே! கப்பல் நின்னா எங்க போயி வாங்குவ? புத்தி கெட்டுப் போச்சா?"

"ஆமா மாமா, கெட்டுத்தான் போச்சு. பத்து நாளா எம் பிள்ள இந்த வண்டியில போறதப் பாத்துப் பாத்துக் கெட்டுப் போச்சு. இதப் பாருங்க."

புது ஆயிலில் பேனாவை விட்டேன், பச்சை எரிந்தது. துடைத்துவிட்டுப் பழையதில் விட்டேன், சிவப்பு. பானெட்டைத் தூக்கி, வண்டியின் பிரேக் ஆயில் டப்பா மூடியைத் திறந்து அதிலும் விட்டேன். அதிலும் சிவப்புதான். நாகராஜ் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். சொல்லச் சொல்ல என் குரல் ஏறிக்கொண்டே போனது, அக்கம்பக்கத்தில் கேட்கட்டும் என்றுதான் நானும் பேசினேன்.

மாமா பேனாவை வாங்கி அவரே மூன்றிலும் விட்டுப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார். தான் எழுதிய தேதியைக் கட்டைவிரலால் தடவினார். எனக்கு இரக்கம் வரவில்லை. ஒரு வார்த்தை சொல்லட்டும் என்று நின்றேன். அவர் சொன்னது வேறு.

"ராஜமாணிக்கத்துக்கு இதுலருந்துதான் கொடுத்தேன்."

நாலு வீடு தள்ளி இருக்கும் ராஜமாணிக்கம் ஆட்டோ ஓட்டுகிறவர். காலையும் மாலையும் ஏழு பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிப் போகிறவர். மாமா செருப்பைக்கூடப் போடாமல் நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன். ராஜமாணிக்கம் ஆட்டோவைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"ராஜமாணிக்கம், அந்தப் பிரேக் ஆயில எறக்கிரு. வேற ஊத்தாம வண்டிய எடுக்காத. அந்தச் சரக்கு சரியில்ல. மெயின்லேண்டுல எவனோ மட்டமானத அனுப்பிருக்கான்."

மறுபடியும் கோபம் எனக்கு உச்சந்தலைக்கு ஏறிவிட்டது.

"சரக்குக்கு ஒண்ணுமில்ல அண்ணே. நல்ல சரக்குதான். தொறந்து மூணு வருஷம் வச்சிருந்து ஊத்தினதுதான் தப்பு. அன்னிக்கு மலையில எனக்குப் பிரேக் நெஜமாவே போச்சு. எங்க வீட்டுல ஒருத்தரும் நம்பல. இப்பவும் எவனோ மெயின்லேண்டுக்காரன் மேல பழியப் போட்டுத் தப்பிக்கப் பாக்குறாங்க."

தெருவில் வைத்து மாமனாரை இப்படிப் பேசியவர்கள் எங்கள் குடும்பத்தில் யாரும் கிடையாது. ராஜமாணிக்கம் கையில் குழாயோடு நின்றார், தண்ணீர் சும்மா ஓடிக்கொண்டிருந்தது. அறைந்தாலும் அறையட்டும் என்றுதான் நான் நின்றேன்.

மாமா குழாயை மூடினார். ஆட்டோவின் படியில் உட்கார்ந்தார்.

"அவ சொல்லுததுதான் சரி" என்றார் ராஜமாணிக்கத்திடம். "நான் தொறந்து வச்சது. பழசு முதல்ல போகட்டும்னு நாந்தான் ஊத்தினேன். ஒனக்கும் நாந்தான் கொடுத்தேன்." பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்த மலையிலிருந்து இறங்கி வந்த நாளிலிருந்து யாருமே என்னிடம் கேட்காததைக் கேட்டார்.

"பிரேக்கு இல்லாம எப்படிம்மா நிப்பாட்டுன?"

சொன்னேன். பெடல் இளகிய இடத்திலிருந்து, ஹேண்ட் பிரேக்கை எவ்வளவு எவ்வளவாக இழுத்தேன் என்பது வரை எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேபிளுக்குக் கிரீஸ் போட்டிருக்காவிட்டால் நாங்கள் இல்லை என்பதையும் சொன்னேன். சொல்லி முடித்த பிறகும் என் கோபம் போகவில்லை. ஆனால் மறைத்து வைத்திருந்ததும் வாய்க்கு வந்துவிட்டது.

"மூணாவது கியர்ல இறங்கினேன் மாமா. ரெண்டுல வந்திருக்கணும்."