வலது செருப்பில் ஒரு கறுப்புத் தடம்

கல்யாணத்துக்கு முன்பு என் செருப்புகளில் வலது காலுடையது மட்டும் சீக்கிரம் பாழாகும். பெருவிரலுக்கு மேலே, வாரில், ஆயிலும் அழுக்கும் சேர்ந்து ஒரு கறுப்புத் தடம். எந்த சோப்புக்கும் போகாது. கிட்டே கொண்டுபோனால் லேசாகப் பெட்ரோல் வாசனை...

காரணம், என் புல்லட்.

பழைய மாடல். கியர் வலது காலில், பிரேக் இடது காலில். இன்றைய வண்டிகளுக்கு நேர் எதிர். ஆபீசில் ரிட்டயர் ஆன ஒருவர் விற்றதை, வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம் வாங்கினேன். அம்மா மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நான்காம் நாள், "மழைக்கு மூடதுக்கு ஒரு தார்ப்பாய் வாங்குட்டீ" என்றாள். அவ்வளவுதான், சமாதானம்.

அதை ஸ்டார்ட் செய்ய பலம் வேண்டாம், பொறுமை போதும். அம்மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெல்ல அமுக்கி, பிறகு ஒரே மிதி. காலை எட்டரைக்கு கரமனைத் தெருவில் அந்தச் சத்தம் கேட்டால் இரண்டு ஜன்னலாவது திறக்கும். நான் திரும்பிப் பார்க்க மாட்டேன். உள்ளுக்குள் அவ்வளவு திமிர்!

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் தோழி பிந்துவைப் பின்னால் வைத்துக்கொண்டு கல்லாறு வரை போனேன். ஆற்றோரச் சாயாக்கடைக்காரர் வண்டியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், பின்னால் வேறு யாராவது வருகிறார்களா என்றும் பார்த்தார். "ஆரா ஓடிச்சே?" என்று கேட்டார், ஓட்டிவந்தது யாரென்று. "ஞான்தன்னே" என்று சொல்லிவிட்டு நான் குடித்த சாயா இருக்கிறதே... அப்படி ஒரு சாயா அப்புறம் வாய்க்கவில்லை.

கல்யாணம் ஆனது. கொஞ்ச நாளைக்கு என்று அம்மா வீட்டு ஷெட்டில் வண்டியை நிறுத்தினேன். கொஞ்ச நாள் பதிமூன்று வருடம் ஆனது. டயர் வெடித்து, டேங்க் துருப்பிடித்து... இவரிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். "அத சரியாக்கி, நானே ஓட்டிட்டு இன்னொரு தடவ கல்லாறு போணும்." போனைப் பார்த்துக்கொண்டே "ம்" என்பார்.

அந்த "ம்"மை நம்பியது என் தப்பு.

போன வருடம் கல்யாண நாள் அன்று கண்ணை மூடச் சொல்லி கேட்டுக்குக் கூட்டிப்போனார். ரிப்பன் கட்டி நிற்கிறது என் வண்டி. கரும்பச்சை போய் ஒயின் சிவப்பு. டேங்கில் தங்க எழுத்தில் என் பெயர், 'லதா'. முன் சீட் அவர் உயரத்துக்கு ஏறியிருந்தது. பின்னால் நல்ல அகல சீட், சாய்ந்துகொள்ள பேக்ரெஸ்ட், சேலையோடு ஒருபக்கமாக உட்கார்ந்தால் கால் வைக்க ஒரு பலகை.

"எல்லாம் உனக்காக்கும். சாய்ஞ்சு சுகமா இருந்துக்கோ, ஒண்ணும் பயப்படாண்டாம். அப்புறம் அந்த ரைட் சைடு கியர் எனக்கு செட் ஆகாது, கேட்டியா... கியர் பாக்ஸையே மாத்தி லெஃப்டுக்குக் கொண்டுவந்தாச்சு."

வீட்டு ஆட்கள் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் சிரித்தேன். ஃபேமிலி குரூப்பில் நாள் முழுக்க ஹார்ட். 'குடுத்து வச்ச பிள்ள' என்று நாத்தனார் எழுதியிருந்தாள்.

பொய் சொல்லக்கூடாது. எட்டு ஞாயிற்றுக்கிழமை ஒர்க் ஷாப்பிலேயே கிடந்திருக்கிறார். நகக்கண்ணில் கிரீஸ் போகவில்லை. கோபப்படக்கூட எனக்கு இடம் வைக்கவில்லை, அதுதான் வயிற்றெரிச்சல்.

இரண்டு வாரம் கழித்து, அவர் மார்க்கெட்டுக்குப் போன நேரம் பார்த்து வண்டியை எடுத்தேன். ஏறினால் நுனிக்கால்தான் தரையில் படுகிறது. ஆனாலும் இரண்டாவது மிதியில் ஸ்டார்ட் ஆகிவிட்டது!

தெருமுனையில் ஒரு ஆட்டோ குறுக்கே வந்தது. கியர் மாறியிருப்பது என் மண்டைக்குத் தெரியும்... காலுக்குத் தெரியாதே. பிரேக் என்று இடது கால் ஓங்கி மிதித்தது கியரை. வண்டி நிற்காமல் ஒரு குலுக்குக் குலுக்கி மதிலில் போய் முட்டியது. கால்முட்டி கிழிந்து கீழே கிடக்கிறேன்.

மார்க்கெட்டிலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தவர் காய்கறிப் பையைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். முதலில் வண்டியைத் தூக்கினார். ஹெட்லைட்டைப் பார்த்தார். டேங்கைத் தடவினார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"இதுக்குத்தானே பின்னாடி சீட்டு போட்டுத் தந்தேன்?"

"என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா?"

"சர்ப்ரைஸ்னா கேட்டுட்டா செய்வாங்க?"

நான் சிதறிக் கிடந்த காய்கறியைப் பொறுக்கிப் பையில் போட்டேன்.

முட்டி ஆறியதும் ஒர்க் ஷாப்புக்குப் போனேன். மெக்கானிக் பிஜு பாவம், தலையைச் சொறிந்தான். "பழைய கியர் பாக்ஸ் இரும்பு எடுக்கற ஆக்ரிக்காரன் கொண்டுபோயி சேச்சி. சார்தான் வேண்டாம்னு பறஞ்சது."

கல்லாறு போனோம். ஆமாம், போன மாதம். பின் சீட்டில் சாய்ந்துகொண்டு, கால் பலகையில் கால் வைத்துக்கொண்டு. அதே இடம், கடையில் வேறு ஆள். வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து, "சூப்பர் வண்டி, சாரே" என்றான். டேங்கைக் காட்டி, "லதா ஆரா?" என்றான்.

"வைஃப்" என்றார் இவர்.

எனக்கு எல்லாப் பக்கமும் வசதிதான். சாயா கையில் வந்தது, குடித்தேன்.

இப்போது பஸ்சில்தான் ஆபீஸ் போகிறேன். செருப்பு இரண்டும் ஒரே மாதிரி தேய்கிறது. என்ன அழுக்கானாலும் ஒரு தடவை கழுவினால் சுத்தமாகப் போய்விடுகிறது.