காலிதீன் மாமாவுக்கு ஓர் இடம்

கட்டாரில் வெயிலில் நின்று கம்பி கட்டிய காலமெல்லாம் சேர்ந்து காலிதீன் மாமாவுக்கு நிந்தவூரில் ஒரு வீடானது. அத்திவாரம் போட்ட அன்றே அது அவருடைய மகள் றிஸ்னாவின் வீடு. கிழக்கிலங்கையில் எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். ஆண், கல்யாணம் முடித்ததும் மனைவியின் வீட்டுக்குப் போவான். மகளுக்கு மாப்பிள்ளை வந்ததும் தாயும் தகப்பனும் பின்வளவில் ஒரு அறையைப் போட்டுக்கொண்டு ஒதுங்குவார்கள். எது நடந்தாலும் பெண் தெருவில் நிற்கக்கூடாது என்பதற்காக யாரோ யோசித்துச் செய்த ஏற்பாடு. அது நன்றாகவே வேலை செய்கிறது. தலாக் ஆகி வீடில்லாமல் நின்ற பெண்ணை நான் ஊரில் கண்டதில்லை.

மாமா முதுகு உடைந்து கட்டாரிலிருந்து திரும்பினார். போனில் மட்டுமே கதைத்துப் பழகிய அவர் மனைவி சுஹறா மாமிக்கு நாள் முழுக்க வீட்டில் இருக்கும் ஒரு மனிதரை என்ன செய்வதென்று தெரியவில்லை. அவருக்கும் தன்னை என்ன செய்வதென்று தெரியவில்லை. தேத்தண்ணி ஆறிவிட்டதென்று தொடங்கிய சண்டை, தலாக் வழக்கு விசாரிக்கும் காதியாரிடம் போய் நின்றது. அங்கும் மாமா பின்வாங்காமல் தலாக் சொன்னார். சொல்லிவிட்டு வெளியே வந்து செருப்பைப் போட்டபோதுதான், எந்தப் பக்கம் நடப்பதென்ற யோசனை அவருக்கு வந்திருக்க வேண்டும்.

அவருடைய தாய் வீடு இப்போது எங்கள் வீடு. தங்கச்சியான என் உம்மாவுக்குக் கொடுத்தது. கொஞ்ச நாள் எங்கள் விறாந்தையில் படுத்தார். என் தங்கச்சி ஸப்னாவைப் பெண் பார்க்க வந்தவர்கள், “இவரும் இஞ்சதான் இரிக்கிறாரா?” என்று சிரித்துக்கொண்டே கேட்டார்கள். அன்று பின்னேரமே பாயைச் சுருட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போய்விட்டார். தெரிந்த ஒருவரின் மீன் வாடி, வலைக்காரர் தங்கும் ஓலைக் கொட்டில், அங்கே சும்மா கிடந்தது. கரையைக் கடல் அரித்து, அரித்து, வாடியின் கிழக்குக் கால் ஏற்கனவே அந்தரத்தில் நின்றது. மாரி தொடங்கினால் அதுவும் போய்விடும்.

நான் பகலில் சோறு கொண்டுபோவேன். அப்படிப் போயிருந்த ஒரு நாள்தான் சுஹறா மாமியின் தம்பி சப்ரி வந்தார்.

“மச்சான், றிஸ்னாக்கு வாற வெள்ளிக்கிழம காவின். நீங்கதானே வலீ. வந்து மாப்புள்ளட கையப் புடிச்சுக் குடுத்துட்டுப் போங்க.”

காவின் என்கிற கல்யாண ஒப்பந்தத்தில் தகப்பன் வலீயாக, பெண்ணின் பொறுப்பாளராக நின்று கொடுப்பதுதான் முறை. மாமா சோற்றுக் கையை மணலில் துடைத்தார்.

“குடுத்துட்டு நான் எங்க போற?”

சப்ரி சாரத்தில் ஒட்டிய மணலைத் தட்டினார்.

“பின்வளவுல ஒரு மூலை தாங்க. ரெண்டு தகரம் போட்டாக் காணும். தந்தா வாறன்.”

“பின்வளவுக்கு எங்கட சுஹறா ராத்தா வரப்போறாவே. தலாக் செல்லிப்போட்டு ரெண்டு பேரும் ஒரே வளவுக்குள்ள இரிக்கிறதா? ஹறாம் மச்சான். ஊரே சிரிக்கும்.”

“அப்ப ஒங்கட ராத்தாக்கு இந்த வாடியக் குடுங்க. காத்து நல்லம்.”

“இந்த வாய்தான் உங்கள இஞ்ச கொண்டுவந்து போட்ட.”

“ஓம். கடலுக்கும் இப்ப வாய் வந்திரிக்கி. கெதியா எழும்பட்டாம்.”

சப்ரிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு எழும்பினார். “நீங்க வர ஏலாண்டா, காதியார் உங்கட இடத்துல நிண்டு முடிச்சு வைப்பாரு. கேட்டுட்டுத்தான் வந்த.”

அவர் போன பிறகு மாமா சோற்றைத் தொடவில்லை.

ஒலுவில் கெம்பசில் எனக்குச் சமூகவியலில் தொழிற்பாட்டுவாதம் படிப்பித்த சேர், இதுதான் சமூகம் என்று கரும்பலகையில் ஒரு மனித உடம்பைக் கீறினார். குடும்பம் ஒரு உறுப்பு, சமயம் ஒரு உறுப்பு, சட்டம் ஒரு உறுப்பு. ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை. ஒன்று தன் வேலையைச் செய்யாவிட்டால் இன்னொன்று அதைச் செய்யும், உடம்பு நிலைகுலையாது. வடிவாகப் படிப்பித்தார். நானும் வடிவாக எழுதிச் சித்தியடைந்தேன். வாடியில் அந்தப் படம் எனக்கு ஞாபகம் வந்தது. கொடுமைக்காரர் என்று நான் ஒருவரையும் காட்ட முடியாது. மாமிக்கு வீடு வேண்டும், ஸப்னாவுக்கு மாப்பிள்ளை வேண்டும், மார்க்கம் சொல்வது மார்க்கம். எல்லாம் பொருந்தியிருந்தது. அப்படிப் பொருந்திய ஒன்றுக்குள் மாமாவுக்கு ஒரு பாயை விரிக்க இடமில்லை.

வியாழக்கிழமை றிஸ்னா என் உம்மாவோடு வாடிக்கு வந்தாள். மருதாணிக் கையை மறைத்துக்கொண்டு நின்றாள்.

“வாப்பா, நீங்க வராட்டியும் காவின் நடக்கும். ஆனா வாப்பா உசிரோட ஹயாத்தா இரிக்கக்குள்ள காதியார் குடுத்த புள்ள எண்டு என்னச் செல்லுவாங்க.”

“உனக்கு அந்த ஊட்டுல எனக்கொரு மூலை தரணும் எண்டு இல்லியா மகள்?”

“எனக்கு இரிக்கி வாப்பா,” என்று அழுதாள். “மாப்புள்ளட ஆக்களுக்கு நான் என்னெண்டு செல்ற?”

மாமா வெள்ளிக்கிழமை காவினுக்குப் பள்ளிவாசலுக்கு வந்தார். என் வாப்பாவின் சட்டையைப் போட்டிருந்தார். தோள் பெரிதாக இருந்தது. மாப்பிள்ளையின் கையைப் பிடித்து, சொல்ல வேண்டியதைத் தடக்குப்படாமல் சொன்னார். பிறகு மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனவர்களோடு தான் கட்டிய வீட்டின் கேற்றடிவரை நடந்தார். எல்லோரும் உள்ளே போனார்கள். அவர் கடற்கரைப் பக்கம் திரும்பினார்.

மாரியின் முதல் கிழமையில் வாடி போனது. பள்ளிவாசல் வெளி மண்டபத்தில் படுத்தார். பள்ளி நிர்வாகி முகைதீன்பாவா மரைக்கார் தன்மையாகத்தான் சொன்னார்: “பள்ளி தொழுகிற இடம் காலிதீன். இண்டைக்கு உங்கள உட்டா நாளைக்கு ஊரே பாயோட வரும்.”

அந்த நாட்களில்தான் ஊருக்குக் கபுறுக் குழி வெட்டிக்கொண்டிருந்த ஷரிபுதீன் மௌத்தானார். மையித்து அவர் இருந்த அறையில் கிடக்கிறது. அதைப் புதைக்கக் குழி வெட்ட ஆளில்லை. குழி வெட்டியவரே அவர்தானே. மரைக்கார் மண்டபத்துக்கு வந்து தயங்கி நின்றார்.

“உங்களுக்கு முதுகு ஏலாதே...”

“மெதுவா வெட்டுவம். கிடக்கிறவருக்கு என்ன அவசரம்?” என்று மாமா மண்வெட்டியை வாங்கினார்.

ஷரிபுதீன் இருந்த அறை, மையித்துப் புதைக்கும் மையவாடிக்குள், மதிலோடு ஒட்டியது. அன்று மஃரிபு தொழுகைக்குப் பிறகு அதன் கதவுத் திறப்பை மாமாவிடம் கொடுத்தார்கள். உம்மா தன் அண்ணனுக்காக அல்ஹம்துலில்லாஹ் சொன்னா. “எங்கட காக்காக்கு ஒரு இடம் கிடைச்சிட்டு,” என்று பக்கத்து வீட்டுக்கும் சொன்னா. இப்போது ஊரில் யார் மௌத்தானாலும் முதலில் தேடுவது மாமாவைத்தான். சந்தியில் கண்டால் சலாம் சொல்கிறார்கள்.

எங்கள் பெண்கள் மையவாடிக்குள் போவதில்லை. றிஸ்னா சமைத்த சோற்றை அவளுடைய கணவன்தான் கொண்டுவந்து மதிலுக்கு மேலால் கொடுப்பான்.

“மகள் எப்பிடி?”

“சுகம் மாமா.”

வயிற்றில் பிள்ளை தங்கிய பிறகு ஒரு நாள் றிஸ்னா பிடிவாதமாக மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏறி வந்தாளாம். றோட்டின் மறுபக்கம் இறங்கி நின்று, கேற் கம்பிக்குள்ளால் பார்த்திருக்கிறாள். மாமா குழிக்குள் நின்று வெட்டிக்கொண்டிருந்தார். ஈர மண் எழும்பி எழும்பி வெளியே விழுவது மட்டும் தெரிந்ததாம். கூப்பிட வெட்கமாக இருந்தது என்று பிறகு என் உம்மாவிடம் சொன்னாள். தூறல் தொடங்கியதும் கணவன் மோட்டார் சைக்கிளைத் திருப்பியிருக்கிறான்.