ஈசூனுக்குக் குழாய் வந்தது, சலவைக்கூடம் போனது

சுத்திகரித்த கழிவுநீரில் துணிக்குச் சாயமேற்றும் பட்டறைகளுக்கு என்ன சலுகை கேட்பது? திருப்பூரில் எங்கள் சாயப்பட்டறைச் சங்கம் அரசுக்கு மனு தயாரித்தபோது யாருக்கும் தெளிவில்லை. சிங்கப்பூரில் சலவைக்கூடம் நடத்தும் என் சித்தப்பா மகள் செல்வி வாடகைக்கு இருக்கும் கட்டடத்துக்கு அந்த நீர் குழாயிலேயே வந்துவிட்டது. அங்கே அதற்குப் பெயர் புதுநீர். 'போய்ப் பார்த்து வாங்க' என்று தலைவர் அனுப்பினார். போன ஜூனில் கோவையிலிருந்து விமானம் ஏறினேன்.

தங்கியது லிட்டில் இந்தியாவில். (சிராங்கூன் சாலையை ஒட்டி அறை எடுத்தால் ஞாயிறு மாலைக் கூட்டத்தின் சத்தத்தில் தூக்கத்தை மறந்துவிடுங்கள்.) அங்கிருந்து ரயிலில் நியூட்டனில் மாறி, செல்வியின் கூடம் இருக்கும் ஈசூன், முக்கால் மணி நேரம், இரண்டு சிங்கப்பூர் வெள்ளி (டாலர்) சொச்சம். பிறகு டாக்சி. ஓட்டுநர் தமிழர்.

"அந்தத் தொழிற்பேட்டைக்கா? அங்க இப்ப எல்லாம் குடோன்தான் லா" என்றார், அந்த ஊர்ப் பேச்சு இழுவையோடு.

போய் இறங்கினால், வாசலில் லாரி. செல்வியின் சலவை இயந்திரங்களை ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"கூடம் ஓடறதை நீங்க பாக்கணும்னுதான் லாரிக்காரங்களை நாளைக்கு வரச் சொல்லியிருந்தேன் அண்ணே. இன்னைக்கே வந்துட்டாங்க" என்றாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

காலியான கூடத்தில் நின்றே சொன்னாள். குழாய் போட்ட செலவில் பெரும்பகுதி அரசு உதவித்தொகையாகக் கட்டட உரிமையாளருக்குப் போனது. புதுநீர் விலை குறைவு, அதனால் செல்வியின் தண்ணீர்ச் செலவும் குறைந்தது. அடுத்த ஒப்பந்தத்தில் உரிமையாளர் வாடகையை ஏற்றினார்.

"'தண்ணியில மிச்சம் பிடிக்கிறீங்கள்ல'ன்னு கேட்டாரு. மிச்சமானது மொத்தமும் போச்சு, அதுக்கு மேலயும் போச்சு. கட்டுப்படியாகல, மூடறேன்."

"யார்கிட்டயும் முறையிடலையா?"

"என்னன்னு முறையிடறது? பணம் குடுத்தது குழாய் போட. குழாய் போட்டாச்சு. ரூல்ஸ்படி எல்லாம் சரிதான்."

அடுத்த மாதத்திலிருந்து வேறொரு பெரிய சலவைக்கூடத்தில் அவளுக்குச் சம்பள வேலை. அவளிடம் வேலை பார்த்த நான்கு பெண்களுக்கு அதுவும் இல்லை.

"இந்த இடத்துக்கு யார் வர்றாங்க?"

"பார்சல் கம்பெனி. அவங்களுக்குத் தண்ணி எதுக்கு? கை கழுவத்தான்."

சுவரோரம் குழாய் பளபளவென்று இருந்தது. திறந்து பார்த்தேன், நல்ல வேகத்தில் வந்தது. மூடினேன்.

இதேபோல் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். சுத்திகரிப்பு நிலையத்தைச் சுற்றிப் பார்த்ததோடு திரும்பிவிடாதீர்கள். அந்த நீரை வாங்குகிறவர் வாடகைக்கு இருக்கிறாரா, சலுகை யார் பெயரில் வருகிறது என்று கேளுங்கள்.

ஊர் திரும்பியதும் மனுவில் ஒரு வரி சேர்த்தேன்: உதவித்தொகை பெறும் கட்டடத்தில் ஐந்து ஆண்டுகளுக்கு வாடகையை ஏற்றக்கூடாது. தலைவர் நிதானமாகப் படித்தார், பேனாவை எடுத்தார், அந்த வரியை மட்டும் அடித்தார். ஊரில் ஆறு பட்டறைக் கட்டடங்களை அவர் வாடகைக்கு விட்டிருக்கிறார்.