ஏழாம் நம்பர் சப்பாத்து

கற்பிட்டியில் கரைவலை இழுத்த இஸ்ஹாக்குக்கு நாற்பது வயது வரை தன் செருப்பின் அளவு தெரியாது. தேவையும் இருக்கவில்லை. ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் படியில் எது காலில் அகப்பட்டதோ அதில் வீடு போவார். அடுத்த வெள்ளி அது வேறொருவரோடு போகும். ஊரில் பாதிப் பேரின் செருப்பில் அவர் நடந்திருக்கிறார்.

நுரைச்சோலைப் பக்கம் ஒரு களஞ்சியத்தில் காவல் வேலை கிடைத்தது. இரும்பு முனை வைத்த சப்பாத்துக் கொடுப்பவர் அளவு கேட்டார். இஸ்ஹாக் காலைத் தூக்கி, போட்டிருந்த செருப்பின் அடியைப் பார்த்து, பெரிய உத்தியோகத்தர் தொனியில் ஏழு என்றார். அந்தச் செருப்பு அயல்வீட்டு ரஸாக்குடையது.

புதுச் சப்பாத்து கடிக்கும், போகப் போகப் பழகும் என்று எல்லாரும் சொன்னார்கள். பழகியது கால்தான். ஒரு வருடத்துக்குள் வலது பெருவிரல் பக்கத்து விரல் மேல் சாய்ந்தது, மூட்டு வீங்கியது. நெற்றி தரையில் படும் ஸுஜூதில் அந்த விரலை மடித்து ஊன்ற முடியவில்லை. கதிரையில் உட்கார்ந்து தொழத் தொடங்கினார்.

கதிரை வரிசை எழுபது தாண்டிய ஹாஜிமாருக்குரியது. அவர்கள் இருமிக்கொண்டே இடம் கொடுத்து, இரத்தத்தில் சீனி எவ்வளவு என்று விசாரித்தார்கள். தெருவில் இளசுகள் பாட்டனாரை அழைப்பதுபோல் மூத்தவாப்பா என்று ஸலாம் சொன்னார்கள். இஸ்ஹாக்குக்கு வேண்டியது ஒன்றுதான்: தன் வயதுக்காரரோடு தரையில் நிற்க வேண்டும். வலை இழுத்துத் தேய்ந்த கால் என்றே எல்லாரிடமும் சொல்லிவைத்தார்.

மனைவி பளீலா அவரைப் புத்தளத்துக்கு இழுத்துப் போனாள். டொக்டர் சுலக்ஷனா எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். ஒரு பாதத்தில் இருபத்தாறு எலும்பு. முன்பக்கம் விசிறிபோல் விரிந்திருக்க வேண்டியவை, சுருட்டிய பாய்போல் ஒடுங்கிக் கிடந்தன. பெருவிரல் மூட்டுக்கு அடியில் கடலையளவில் இரண்டு குட்டி எலும்புகள். விரல் மடிய அவை வழுக்கிக் கொடுக்க வேண்டும். அவையும் இடம் விலகியிருந்தன. வெறுங்காலோடு மணலில் உழைத்த பாதம் அகலமாகத்தான் இருக்கும், அது நோயில்லை என்றவர், சப்பாத்தின் அளவைக் கேட்டார்.

"ஏழு, டொக்டர்."

பளீலா திரும்பிப் பார்த்தாள். "ஏழு ரஸாக் காக்காட கால். உங்கட கால் எட்டுலயும் அடங்காது. சப்பாத்தையும் பள்ளிப் படியிலயா எடுத்தீங்க?"

டொக்டர் பாதத்தை நிற்கவைத்து அளந்தார். ஒன்பது, அதிலும் அகலமானது.

"சப்பாத்து நெருக்காட்டி நோவு குறையும். விரல் பழையபடி மடியுமெண்டு சொல்ல ஏலாது."

ஒன்பதாம் நம்பர் சப்பாத்துக்கு மாறிச் சில மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை இஸ்ஹாக் கதிரைகளைத் தாண்டி நடு வரிசையில் போய் நின்றார். ஸுஜூதில் விரல் மடியவில்லை. பாதம் சரிந்து பக்கத்து ஆளின் காலில் முட்டியது. அந்த ஆள் தன் காலை ஒடுக்கி இடம் விட்டார்.