அங்கிக்குள் பேசக் கூடாது

தூக்கம் கெட்டவளின் பிரமை என்று சொல்பவர்கள் சொல்லட்டும். அன்று காலை என் கைக்கடிகாரம் சரியாக ஓடிக்கொண்டிருந்தது. நேரம் உட்பட எதையும் நான் கூட்டிச் சொல்லவில்லை.

ஈரநிலத்தை ஒட்டிய பறவைகள் காப்பகம் அது. தாயில்லாத பெருங்கொக்குக் குஞ்சுகளை வளர்த்து வெளியே விடுவார்கள். தம்பியும் நானும் அங்கே சம்பளமில்லாத வேலைக்காரர்கள். மனிதர்களிடம் பழகிய குஞ்சு வெளியே பிழைக்காது. அதனால் கால்வரை வெள்ளை அங்கி, முகத்தை மறைக்கும் வலை, வலது கையில் கொக்குத் தலை போல் ஓர் உறை. இடுப்பில் சின்ன ஸ்பீக்கர். தாய்க் கொக்கின் குரல் அதில் ஓயாமல் ஒலிக்கும். அங்கியை மாட்டிவிட்டால் ஒரு வார்த்தை பேசக் கூடாது.

தம்பி வாயாடி. குளிக்கும்போது குழாயோடு பேசுகிறவன். "முதல்ல வாயத் திறக்குறவங்க ஒரு வாரம் வாளி கழுவணும். நீதான்க்கா தோப்பே" என்று பந்தயம் கட்டினான்.

போன வருடம் ஒரு விடியற்காலை. பனிமூட்டம். நாற்பதடி தள்ளி, நாணலுக்கு மேலே அவனுடைய கொக்குத் தலை உயர்ந்தது. தாழ்ந்தது. மறுபடி உயர்ந்தது. குஞ்சுகளுக்கு இரை கொத்தக் கற்றுக்கொடுக்கிறான் என்று நினைத்தேன். சிரிப்பு வந்தது, வலைக்குள் சிரித்தேன். பதிலுக்கு என் கையையும் அதே மாதிரி உயர்த்தித் தாழ்த்தினேன்.

அவன் சேற்றுப் பள்ளத்தில் புதைந்துகொண்டிருந்தான்.

பந்தயத்துக்காக வாயை மூடிக்கொண்டே போய்விட்டான், ஒரு முறைகூடக் கூப்பிடவில்லை என்றுதான் எல்லோரிடமும் சொன்னேன். அம்மா அதைப் பிடித்துக்கொண்டுதான் நடமாடுகிறாள். நானும்தான். சிரித்ததை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

இந்த வருடம் ஆறு குஞ்சுகள். எனக்கு ஜோடி, ஓய்வுபெற்ற ஒரு தபால்காரர். காலை 5.40க்குக் கூண்டைத் திறந்தேன். காலி. பின்கதவு திறந்து கிடந்தது. வெளியே மூட்டத்துக்குள் ஒரு வெள்ளை அங்கி போய்க்கொண்டிருந்தது. அதன் பின்னால் வரிசையாக ஆறும்.

பெரியவர் முந்திக்கொண்டார் என்று பின்னாலேயே நடந்தேன்.

என் பூட்ஸ் சளக், சளக் என்றது. முன்னால் போகிறவர் காலில் சத்தமே இல்லை.

அந்த அங்கி அக்குள்வரை சேறாக இருந்தது. நாங்கள் இன்னும் தண்ணீரில் இறங்கவில்லை.

ஓயாமல் கீச்சிடும் குஞ்சுகள். அன்று ஒன்றுகூட...

5.49. பள்ளத்தைச் சுற்றிப் புதிதாகப் போட்ட கம்பி வேலி. அந்த அங்கி வேலிக்கு அந்தப் பக்கம் நின்றது.

யாரென்று கேட்க முடியாது. அங்கிக்குள் பேசக் கூடாது.

கொக்குத் தலை உயர்ந்தது.

தாழ்ந்தது.

மறுபடி உயர்ந்தது...

குஞ்சுகள் கம்பிக்கு அடியில் நுழைந்தன. முதல் குஞ்சு சேற்றில் இறங்கியது. கழுத்து. அலகு. பிறகு ஒன்றுமில்லை. அடுத்தது தானாகவே போய் அதே இடத்தில் நின்றது.

5.52.

"தம்பி, விட்டுடுடா" என்று கத்திவிட்டேன்.

என் முகவலைக்கு உள்ளே, காதை ஒட்டி, ஈர மூச்சு.

"நான்தான்க்கா முதல்ல தோத்தேன்."

இரண்டு குஞ்சுகளைத்தான் இழுத்துப்போட முடிந்தது. தபால்காரர் 6.15க்கு வந்தார், சைக்கிள் பஞ்சராம். அவருடைய அங்கி அலமாரியில் மடித்தபடியே இருந்தது.

மதியம் டாக்டரம்மா கூப்பிட்டு அனுப்பினார். காப்பகத்தின் கால்நடை மருத்துவர் அவர். குஞ்சுகளின் பக்கத்தில் யாராவது பேசுகிறார்களா என்று கண்டுபிடிக்க, இந்த வருடம்தான் அந்த வேலியில் ஒலிப்பதிவுக் கருவி ஒன்றை மாட்டியிருந்தார். கத்தியதற்குத் திட்டு வாங்கத் தயாராகப் போனேன்.

5.49லிருந்து ஓடவிட்டார். என் கத்தல் அதில் இல்லை.

தம்பி இருந்தான். "அக்கா." ஸ்பீக்கர் கொக்கின் குரலுக்கு அடியில், மறுபடி, "அக்கா." வரவர வாயில் ஏதோ அடைத்துக்கொண்ட மாதிரி. எண்ணினேன். பதினொரு முறை.

டாக்டரம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. கருவியை நிறுத்திவிட்டுக் கேட்டார்:

"கூப்பிடுறது உன் தம்பி. அது எப்படின்னு எனக்குத் தெரியல. ஆனா பக்கத்துல நின்னு சிரிக்கிறது யாரும்மா?"