சீட்டுக் கவர்

கடையில் புது சைக்கிள் சீட்டின் பிளாஸ்டிக் கவர் வாடை வந்ததுமே மூக்கைப் பொத்திக்கொண்டேன். மகள் பதினோராயிரம் ரூபாய் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஏழாயிரத்துக்கு மேல் ஏற மாட்டேன் என்று நின்ற என் கணவர் கடைசியில் இறங்கி வந்தார்.

“சரி, அதையே எடுத்துக்கலாம். ஆனா சீட்டுக் கவரைப் பிரிக்கக் கூடாது. பிற்பாடு வித்தா பாதிக் காசாவது வரும். பிரிக்கிறதா இருந்தா ஏழாயிரத்து வண்டியே போதும்.”

பட்டுக்குச் சாயம் போடும் என் அப்பாவும் இப்படித்தான். எனக்கு சைக்கிள் வாங்கும்போதே அதை விற்கும் விலையையும் யோசித்துவிட்டார். “கவர்ல கை வெச்ச, அவ்ளோதான்” என்றார். சாயக்கறை படிந்த துணியால் தினமும் அதைத் துடைப்பார். உள்ளே புகுந்த மழைத் தண்ணீர் வெளியே வராது. பங்குனி வெயிலில் ஓரிக்கை வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் போய்ச் சேர்வதற்குள் அந்த அழுகல் நாற்றம் என் பாவாடையில் ஏறிவிடும். பக்கத்தில் இருப்பவள் மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளி உட்காருவாள்.

பிளஸ் டூ முடித்ததும் சைக்கிளை வாங்க ஒருவர் வந்தார். அப்பா பெருமையாகக் கவரை உரித்தார். கறுத்துப்போன பஞ்சு கூழாகக் கையோடு வந்தது, கூடவே கரப்பான்களும். வந்தவர் காறித் துப்பிவிட்டுப் போனார்.

“எல்லாம் உன் வேர்வைதான்” என்றார் அப்பா, என்னைப் பார்த்து.

மகள் பிடித்துக்கொண்டிருந்த பதினோராயிரம் ரூபாய் சைக்கிளின் சீட்டுக் கவரில் நகத்தைப் போட்டு ஒரே இழுப்பாகக் கிழித்தேன்.

“கிழிச்சிட்டீங்களே, இனிமே இதை நீங்கதான் எடுத்தாகணும்மா!” கடைக்காரர் பதறினார்.

“அதுக்குத்தான் கிழிச்சேன். பில்லைப் போடுங்க.”