இத்தாலி வாசல் பரமேஸ்வரன்

அந்த இத்தாலி வாசல் மேல் எனக்குப் பல வருஷக் கடுப்பு. கிள்ளானில் ஒரு வேலி போட்ட வீடமைப்புப் பகுதிக்கு முகப்பாகக் கட்டியது. ஏதோ இத்தாலி ஊரின் பழைய கோட்டை வாசலாம். படத்தைப் பார்த்துக் கட்டினார்களாம். வளைவில் யானை நுழையும். என் கேஸ் லோரி நுழையாது. குறுக்கே மஞ்சள் கம்பி போட்டுவிட்டார்கள். வெளியே நிறுத்தி, சிலிண்டர் தோங்குகளை ஒவ்வொன்றாக உருட்ட வேண்டும்.

உருட்டும்போதெல்லாம் காவலாளி பரமேஸ்வரன் சிரிப்பார். "என்னடா பாலன், கோட்டைய புடிக்க வந்துட்டியா?"

அறுபது தாண்டிய மனிதர். வருகிற காருக்கெல்லாம் சல்யூட். கண்ணாடியை இறக்காதவனுக்குக் கார் போனபின் ஒரு வசவும் உண்டு.

வாசலுக்கு இரண்டு பக்கமும் உருண்டைக் கோபுரம். உள்ளே படி கிடையாது, வெறும் கூடு. ஒன்றில் அவருடைய ஏணி, குடை, சோற்று டப்பா. அம்பு விடும் சந்தில் புறா. பழைய கல்லாகத் தெரியச் சுவரைக் கீறியிருக்கிறார்கள். மழையில் நிஜமாகவே பாசி பிடித்தால் அவரைத் தேய்க்கச் சொல்கிறார்கள். "பழசாட்டம் இருக்கணுமாம், பழசாவக் கூடாதாம் லா."

வளைவின் உச்சியில் ஒரு மாடம். அந்த ஊரில் அங்கே மாதா இருப்பாளாம். இங்கே காலி. பரமேஸ்வரன் ஏணி போட்டு ஒரு முனீஸ்வரரை ஏற்றிவிட்டார். முழ உயரம், மீசை, அரிவாள். "நான் சம்பளக் காவலு. மேல நெசக் காவலு வேணாமா?" வெள்ளிக்கிழமை சுருட்டு கொளுத்தி வைப்பார். அணைந்ததும் மிச்சத்தைத் தானே இழுப்பார்.

மாசக்கணக்கில் குடியிருப்பவர் எவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. வீடு வாங்க வந்த ஒருவன் பார்த்துவிட்டான். குடியிருப்போர் சங்கத் தலைவர் யோகநாதன், நெற்றி நிறையத் திருநீறோடு வந்தார். "பரமேஸ், இது கேட். கோயில் இல்ல. நாளைக்கும் அது அங்க இருந்தா, வேற கார்ட் பாத்துக்குவோம்." அவருக்கும் சல்யூட் அடித்தார் பரமேஸ்வரன். மனைவிக்கு டயாலிசிஸ் ஓடுகிறது. இந்த வயதில் வேறு எவன் வேலை கொடுப்பான்?

மறுநாள் காலை நான் போனபோது ஏணி சாத்தியிருந்தது. முனி மேலேயே இருந்தார்.

"என்னண்ணே, ஏத்தத் தெரிஞ்சுச்சு, எறக்கத் தெரியலையா?"

அவர் சிரிக்கவில்லை. "ரெண்டு தடவ ஏறிட்டேன்டா. கை வரல. நீ எறக்கி உன் லோரியில வச்சுக்க."

நான் ஏணியில் கால் வைத்தேன். அவர் தொப்பியைச் சரிசெய்து, எனக்கு முதுகைத் திருப்பி, வந்த காருக்குச் சல்யூட் அடித்தார். கார் போனது. திரும்பாமலே சொன்னார்: "சாமி வந்து கேட்டா, நீயாத்தான் எறக்குனேன்னு சொல்லிடு. எம் பேரச் சொல்லாதடா."